ரே டிரேசிங் படக் கோப்புகளை இர்ஃபான்வியூவில் மாற்றுவது எப்படி?

சதுரங்கக் கட்டம் போட்ட தரை, அதன் மேல் ஒரு கண்ணாடி உருண்டை. 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுக் கணினியில் படம் உருவாக்குவது, பழகியவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒரு படத்தில்தான் தொடங்கினார்கள். அந்தக் காலத்துப் படங்கள் பழைய சிடிக்களிலும் இணையக் காப்பகங்களிலும் இன்னும் இருக்கின்றன. இறக்கி வைத்துக்கொண்டு திறந்தால்தான் சிக்கல் தெரியும். ஒரு கோப்பின் பெயர் டாட் பிக் என்று முடியும், இன்னொன்று டாட் இம்ஜி, மற்றொன்று டாட் எம்டிவி. விண்டோஸ் எதையும் திறக்காது. திறந்தாலும் படம் தலைகீழாக நிற்கும், அல்லது சிவப்பு உருண்டை நீலமாகத் தெரியும்.

இந்தக் கோப்புகளைப் பிஎன்ஜி, டிஃப் போன்ற இன்றைய வடிவங்களுக்கு மாற்றப் புதிதாக முயல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-இல் வெளியிட்ட சின்ன மென்பொருள் இது. இன்றும் சில எம்பி அளவுதான். சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசம். அலுவலகத்தில் தொழிலுக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். விண்டோஸுக்கென்று எழுதியது என்றாலும், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் அங்கேயும் ஓட்டலாம்.

கருவியைவிட முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயரை நம்பாதீர்கள். அதன் தொடக்க பைட்டுகளைப் பாருங்கள், மொத்த அளவைக் கணக்குப் போடுங்கள். இந்த இரண்டும் கைவந்தால் மாற்றும் வேலை இரண்டு கிளிக்தான்.

நிறுவும்போது

இர்ஃபான்வியூவின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். பெயரைத் தேடினால் வரும் மற்ற தளங்களில் பெரிய பச்சை டவுன்லோட் பட்டன்கள் வேறு எதையாவது தந்துவிடும். 32 பிட், 64 பிட் என்று இரண்டு பதிப்புகள் உண்டு. அடுத்து, கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் பிளக்-இன் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும். ரே டிரேசிங் வேலைக்கு இது கட்டாயம், ஏனென்றால் வெளிச்சத்தின் முழு வீச்சையும் சேமிக்கும் எச்டிஆர், ஓபன்இஎக்ஸ்ஆர் போன்ற வடிவங்கள் பிளக்-இன் இருந்தால்தான் திறக்கும். மென்பொருள் 64 பிட் என்றால் பிளக்-இன்னும் 64 பிட்டாகவே இருக்க வேண்டும். ஒன்று 32, மற்றொன்று 64 என்று கலந்து போட்டுவிட்டு ஒன்றும் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

நிறுவும்போது எந்தெந்தக் கோப்பு வகைகளை இதோடு இணைக்கட்டும் என்று கேட்கும். ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் இன்னும் ஒரு ஏற்பாடு பாக்கி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவுக்குப் போய் கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும்படி வையுங்கள். அது மறைந்திருந்தால் எந்தக் கோப்பு எது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்களில் வேலை செய்கிறீர்களா? இர்ஃபான்வியூவின் பழைய பதிப்புகளில் அதற்கு யூனிகோட் பிளக்-இன் தேவைப்படும். இந்த வேலை முடியும்வரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத சின்னப் பெயராக வைத்துக்கொள்வது நிம்மதி.

அசலை ஒதுக்கி வையுங்கள்

அசல் கோப்புகள் ஒரு ஃபோல்டரில் அப்படியே இருக்கட்டும். அவற்றின் நகல்களை வேறொரு ஃபோல்டரில் போட்டு, அங்கே மட்டும் வேலை செய்யுங்கள். மாற்றிய படங்கள் மூன்றாவது ஃபோல்டருக்குப் போகட்டும். ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்பது எச்டிஆர் பகுதிக்கு வரும்போது புரியும்.

தொடக்கத்தைப் படிப்பது

நகல் ஒன்றை நோட்பேடில் திறங்கள். குப்பை எழுத்துகளாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வரிகள் மட்டும் போதும். பார்த்துவிட்டு மூடுங்கள். சேமிக்கட்டுமா என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். நோட்பேட் சேமித்த படக் கோப்பு திரும்பப் படமாகாது. ஐம்பது, நூறு எம்பி கோப்பு என்றால் நோட்பேட் திணறும், சற்றுப் பொறுத்திருங்கள்.

பி6 (P6) என்று ஆரம்பித்து, அடுத்து இரண்டு எண்களும் அதற்கடுத்து 255-உம் இருந்தால் அது பிபிஎம். ஜெஃப் போஸ்கான்சர் 1980-களின் கடைசியில் உருவாக்கிய பிபிஎம்பிளஸ் தொகுப்பின் வடிவம். இர்ஃபான்வியூ நேரடியாகத் திறக்கும்.

எண் குறி, கேள்விக்குறி, அதை ஒட்டி ரேடியன்ஸ் என்ற சொல் இருந்தால், பின்னொட்டு பிக் என்றிருந்தாலும் எச்டிஆர் என்றிருந்தாலும் அது ரேடியன்ஸ் என்ற ரே டிரேசரின் (ரே டிரேசிங் செய்யும் நிரலின்) கோப்பு. முதல் மூன்று எழுத்துகள் வி, சாய்கோடு, 1 என்று வந்தால் ஓபன்இஎக்ஸ்ஆர்.

வேறு எதுவும் இல்லாமல் இரண்டே எண்கள், உதாரணமாக 320 200 என்று மட்டும் ஒரு வரி, அடுத்த நொடியே குப்பை என்றால் அது எம்டிவி. மார்க் வாண்டெவெட்டரிங் எழுதிய ரே டிரேசரின் வடிவம். அவருடைய பெயரின் சுருக்கமே கோப்பின் பெயர். தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் ஒன்றுமே படிக்க முடியவில்லை என்றால் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். ட்ரூவிஷன் எக்ஸ்ஃபைல் என்று ஆங்கிலத்தில் தெரிந்தால் அது டார்கா, அதாவது டிஜிஏ. ஆனால் இந்தக் கையெழுத்து டார்காவின் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. பழைய டார்காவில் தொடக்கத்திலும் இருக்காது, முடிவிலும் இருக்காது.

இங்கேதான் பின்னொட்டு எவ்வளவு ஏமாற்றும் என்பது தெரியும். டாட் பிக் என்ற பெயரை ரேடியன்ஸும் வைத்துக்கொண்டது, டாஸ் காலத்துப் பெயின்ட் மென்பொருள் ஒன்றும் வைத்துக்கொண்டது, சாஃப்ட்இமேஜ் என்ற முப்பரிமாண மென்பொருளும் வைத்துக்கொண்டது. டாட் இம்ஜி என்பது ஜெம் என்ற பழைய திரைச்சூழலின் படமாகவும் இருக்கலாம், ஸ்டீஃபன் கோய் எழுதிய விவிட் ரே டிரேசரின் படமாகவும் இருக்கலாம். பின்னொட்டுக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தம் இல்லை என்று இர்ஃபான்வியூ கண்டுகொண்டால், பெயரை மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். நகலில்தானே வேலை செய்கிறீர்கள், தாராளமாக ஆம் சொல்லலாம்.

அளவைக் கணக்குப் போடுவது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். முழு வழிகாட்டியிலும் அதிகம் பயன்படப் போவது இதுதான்.

சுருக்காத ஒரு வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட்: சிவப்பு, பச்சை, நீலம். 320 × 200 படம் என்றால் 64,000 பிக்சல், 1,92,000 பைட். இதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் சின்னக் குறிப்புதான் ஹெடர். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஹெடரின் நீளம் வேறு என்பதால், மொத்த அளவே எந்த வடிவம் என்று சொல்லிவிடும்.

அதே 320 × 200 படத்தை எடுத்துக்கொள்வோம். வெறும் ரா கோப்பு, அதாவது ஹெடரே இல்லாமல் பிக்சல் எண்கள் மட்டும் உள்ள கோப்பு என்றால் சரியாக 1,92,000 பைட். எம்டிவி என்றால் 1,92,008, ஏனென்றால் 320, ஓர் இடைவெளி, 200, வரி முடிவுக் குறி என எட்டு பைட் கூடுகிறது. பிபிஎம் வழக்கமாக 1,92,015. டார்காவின் ஹெடர் 18 பைட், ஆகவே கூடுதல் குறிப்பு எதுவும் இல்லாத பழைய டார்கா 1,92,018. மொத்தம் 1,92,404 என்று வந்தால் அது கியூஆர்டி வடிவம்; அதன் கதை கொஞ்சம் வேறு, பிறகு வருகிறேன்.

இந்த எண்ணைப் பார்க்க கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பிராபர்டீஸ் திறங்கள். சைஸ் என்ற வரியில் உள்ள முழு பைட் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே சைஸ் ஆன் டிஸ்க் என்று இருப்பது வட்டில் பிடித்த இடம். அது கணக்குக்கு உதவாது.

படத்தின் அளவே தெரியாது, ஹெடரும் இல்லை என்றால்? மொத்த பைட்டை மூன்றால் வகுத்து, அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். 640 × 480 என்றால் 9,21,600 பைட், 800 × 600 என்றால் 14,40,000, 1024 × 768 என்றால் 23,59,296. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 7,86,432 பைட் என்பது 512 × 512 வண்ணப் படமாகவும் இருக்கலாம், 1024 × 768 கறுப்பு வெள்ளைப் படமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பெருக்கல் ஒன்றுதான். இரண்டு விதமாகவும் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மொத்த அளவு இந்தக் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். விவிட் அப்படித்தான்: பத்து பைட் ஹெடர், அதன்பின் ஒரே நிறம் எத்தனை பிக்சலுக்குத் தொடர்கிறது என்ற எண்ணும், அந்த நிறமும். அந்த நிறத்தையும் நீலம், பச்சை, சிவப்பு என்று பின்பக்கமாக எழுதும்.

ராவாகத் திறப்பது

சரி, எம்டிவி கோப்பு ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபைல் மெனுவில் ஓபன் ஆஸ் என்பதற்குள் ரா ஃபைல் என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்னப் படிவம் வரும். அகலம் 320, உயரம் 200 என்று கொடுங்கள். ஹெடர் அளவு 8. ஒரு பிக்சலுக்கு 24 பிட். நிற வரிசை ஆர்ஜிபி. ஓகே கொடுத்தால் படம் வந்துவிடும்.

ஹெடர் அளவை ஒவ்வொரு முறையும் எழுத்து எழுத்தாக எண்ண வேண்டியதில்லை. மொத்த பைட்டிலிருந்து அகலம் × உயரம் × 3 என்ற பெருக்கலைக் கழித்தால் மிஞ்சுவதே ஹெடர். சிலர் எழுதிய நிரல்கள் வரி முடிவில் ஒரு பைட்டுக்குப் பதில் இரண்டு பைட் போட்டிருக்கும். கழித்தல் கணக்கு அதையும் பிடித்துவிடும்.

படம் சரியாக வராவிட்டால், அது எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

படம் முழுக்கச் சாய்ந்து, கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகிறதா? அகலம் தவறு. ஒரே ஒரு பிக்சல் தவறினாலும் ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடக் கொஞ்சம் நகர்ந்து சாய்ந்துவிடும். உருவம் சரியாக இருந்து கீழே மட்டும் கறுப்பாகவோ வெட்டியதாகவோ இருந்தால் உயரம் தவறு.

உருவம் சரி, நிறம் மட்டும் தப்பு என்றால் பச்சைப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை பச்சையாகவே இருந்து சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறியிருந்தால் கோப்பு பிஜிஆர் வரிசையில் எழுதப்பட்டது. பச்சையும் சேர்ந்து வேறு நிறமாகியிருந்தால் ஹெடர் அளவு ஒன்றோ இரண்டோ பைட் பிசகியிருக்கிறது. இந்தச் சோதனையைச் சாம்பல் நிறப் பொருளில் செய்து பயனில்லை, சாம்பலில் மூன்று எண்களும் ஒன்றே என்பதால் எப்படி மாற்றினாலும் சாம்பல்தான்.

படம் தலைகீழாக வந்தால் கவலையே இல்லை. வி விசையை அழுத்தினால் நேராகிவிடும். டார்கா வடிவம் படத்தைக் கீழ் வரியிலிருந்து மேலாக எழுதவும் அனுமதிக்கிறது. அதைக் கவனிக்காத நிரல்களால் வருவது இது.

இப்போது கியூஆர்டி. ஸ்டீவ் கோரன் எழுதிய ரே டிரேசர் இது. டேவிட் பக் எழுதிய டிகேபிடிரேஸும் இதே அமைப்பில் டம்ப் கோப்புகளை எழுதியது; அந்த டிகேபிடிரேஸிலிருந்துதான் பாவ்-ரே என்ற ரே டிரேசர் பிறந்தது. கியூஆர்டியில் முதலில் நான்கு பைட் ஹெடர். பிறகு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரி எண்ணாக இரண்டு பைட், அடுத்து அந்த வரியின் சிவப்பு முழுவதும், பிறகு பச்சை முழுவதும், பிறகு நீலம் முழுவதும். ஒரு படம் முடிய ஓர் இரவு பிடித்த காலம் அது. மின்சாரம் போய் நின்றுவிட்டாலும் எந்த வரி வரை முடிந்தது என்பது கோப்பிலேயே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது, அவ்வளவு நேர்மையான கோப்பு.

ஆனால் ஆர்ஜிபி ராவாக இது திறக்காது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அகலத்தை மூன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டுங்கள், 320-க்கு 962. ஹெடர் 4, ஒரு பிக்சலுக்கு 8 பிட், கறுப்பு வெள்ளை என்று கொடுத்துத் திறந்தால், ஒரே படம் மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் தெரியும்: சிவப்புப் பங்கு, பச்சைப் பங்கு, நீலப் பங்கு. மூன்றும் நேராக நின்றால் உங்கள் கையில் இருப்பது கியூஆர்டிதான். அதை வண்ணப் படமாக மாற்ற எக்ஸ்என்வியூவிடம் கொடுங்கள். பிரெஞ்சுக்காரர் பியர்-எம்மானுவல் கூஜலே எழுதிய, சொந்த உபயோகத்துக்கு இலவசமான மென்பொருள் அது. கியூஆர்டி, விவிட், எம்டிவி போன்ற பழைய ரே டிரேசர் வடிவங்களை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். லினக்ஸில் இருப்பவர்களுக்கு நெட்பிபிஎம் தொகுப்பில் எம்டிவிக்கும் கியூஆர்டிக்கும் தனித்தனி நிரல்களே உண்டு.

எக்ஸ்என்வியூ எல்லாம் திறக்கும் என்றால் இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். தொடக்கம் சிதைந்த கோப்பு, பாதியில் நின்ற படம், ஹெடரே இல்லாத ரா ஆகியவற்றை எந்த மென்பொருளும் தானாகத் திறக்காது. பழைய தொகுப்புகளில் இவை சாதாரணமாகக் கிடைக்கும்.

படம் இருட்டாக இருந்தால்

திறந்த படம் கறுத்துக் கிடந்தால் அதை வரைந்தவரே அப்படி வரைந்தார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல பழைய ரே டிரேசர்கள் ஒளியின் அளவைக் கணக்கிட்டபடியே நேரடியாக எண்ணாக எழுதிவிட்டன; இப்படி எழுதியதுதான் நேரியல் கோப்பு. நம் திரைகளோ அந்த எண்களைக் காமா வளைவில், அதாவது நடுத்தர எண்களை இன்னும் இருட்டாகக் காட்டும் கணக்கில், வாசிக்கின்றன. கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரிய வேண்டிய ஒரு சாம்பல், நேரியல் கோப்பில் 55 என்ற எண்ணாகத்தான் இருக்கும். திரை அதை அப்படியே காட்டும்போது கிட்டத்தட்ட கறுப்பு.

ஷிஃப்ட் விசையோடு ஜி விசையை அழுத்தினால் கலர் கரெக்ஷன்ஸ் பெட்டி திறக்கும். காமா எண்ணை 1-லிருந்து 2.2-க்கு மாற்றுங்கள். நிழல்கள் திறந்து, உருண்டையின் விளிம்பில் பிரதிபலிப்புகள் தெரிய ஆரம்பித்தால் நேரியல் கோப்பு என்பது உறுதி. படம் வெளுத்துப் பால் தெளித்தது போல ஆகிவிட்டால் காமா ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, ரத்து செய்துவிடுங்கள். பிரைட்னஸ் என்ற இழுவையைத் தொட வேண்டாம். அது எல்லா எண்களையும் ஒரே அளவு தூக்கிவிடும், கறுப்பும் சாம்பலாகிவிடும்.

இப்படித் திருத்திய படத்தின் நிழல் பகுதிகளில் பட்டை பட்டையாகப் படி தெரியலாம். படத்தின் இருண்ட பாதி முழுவதும் ஐம்பத்தைந்து எண்களுக்குள் அடங்கியிருக்கும்போது அதை இழுத்தால் இடைவெளி தெரியத்தான் செய்யும். அதற்கு மருந்து இல்லை. ஆகவே திருத்தாத படத்தையும் ஒரு பிஎன்ஜியாகச் சேமித்துவையுங்கள், திருத்தியதை வேறு பெயரில் வையுங்கள்.

எச்டிஆரும் ஓபன்இஎக்ஸ்ஆரும்

இதுவரை பார்த்த வடிவங்களில் 255-க்கு மேல் எண்ணே கிடையாது. ரேடியன்ஸ் அப்படி இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு 1980-களில் உருவாக்கிய இந்த ரே டிரேசர், அழகான படத்துக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஒரு கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு விழும் என்று அளந்து சொல்வதற்காக எழுதப்பட்டது. கட்டடக் கலைஞர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அதன் கோப்பில் ஒரு பிக்சலுக்கு நான்கு பைட். மூன்று பைட் நிறத்துக்கு, நான்காவது பைட் இரண்டின் அடுக்கு எண். இந்த அடுக்கு எண்ணின் உதவியால் மேசைக்கடியில் உள்ள நிழலும் ஜன்னலுக்கு வெளியே உள்ள சூரியனும் ஒரே கோப்பில் உண்மையான விகிதத்தில் நிற்கின்றன. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓபன்இஎக்ஸ்ஆர் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் அல்லது 32 பிட் எண்.

பிளக்-இன் இருந்தால் இர்ஃபான்வியூ இரண்டையும் திறக்கும். ஆனால் திறந்த கணத்திலேயே படம் நிறத்துக்கு 8 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குமேல் இருந்த வெளிச்சமெல்லாம் போய்விட்டது. பிஎன்ஜியாகச் சேமித்த பிறகு ஜன்னல் வெறும் வெள்ளையாக இருந்தால், அதை எந்த இழுவையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எட்டிப் பார்ப்பதற்கு, யாருக்காவது அனுப்புவதற்கு, பட்டியல் தயாரிப்பதற்கு இர்ஃபான்வியூ போதும். வெளிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு எச்டிஆரை ஓபன்இஎக்ஸ்ஆராக மாற்ற வேண்டும் என்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குப் போங்கள், அதுவும் இலவசம்தான். எந்தப் பகுதியின் வெளிச்சம் வேண்டும் என்று எக்ஸ்போஷரை அங்கே தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்பின் பிஎன்ஜி எடுப்பதே முறை. ரேடியன்ஸ் தொகுப்பிலேயே இதற்கான கருவிகள் உண்டு, கண் பார்ப்பது போலவே வெளிச்சத்தை அடக்கித் தரும் கருவி உட்பட. கட்டளை வரிப் பழக்கம் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

ரேடியன்ஸ் கோப்பை நோட்பேடில் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். படத்தை உருவாக்க எந்தெந்தக் கட்டளைகள் கொடுக்கப்பட்டன என்பது வரிசையாக ஹெடரில் எழுதியிருக்கும். எக்ஸ்போஷர் என்று ஒரு எண்ணும் பெரும்பாலும் இருக்கும். பிக்சல் மதிப்பை அந்த எண்ணால் வகுத்தால்தான் உண்மையான ஒளி அளவு கிடைக்கும். பிஎன்ஜிக்கு மாற்றும்போது இந்த வரிகள் அத்தனையும் காணாமல் போகும். அந்த வரிகளை மட்டும் பிரதியெடுத்து, படத்தின் பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பாகப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் அந்தப் படத்தைத் திரும்ப உருவாக்க நினைத்தால் அவருக்கு அதுதான் கைப்பிடி.

பாவ்-ரே பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பாவ்-ரேயில் நிறத்துக்கு 16 பிட் வரை பிஎன்ஜி எழுத முடியும். அதை இர்ஃபான்வியூவில் திறந்து மறுபடி சேமித்தால் 8 பிட்டாகிவிடும். 2013-இல் வந்த 3.7 பதிப்பு முதல் எச்டிஆரும் ஓபன்இஎக்ஸ்ஆரும் பாவ்-ரேயே எழுதும். காட்சிக் கோப்பு உங்களிடம் இருக்கும்போது படத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வேண்டிய வடிவத்தில் மறுபடி ரெண்டர் செய்துவிடுங்கள்.

எந்த வடிவத்தில் சேமிப்பது

எஸ் விசையை அழுத்தினால் சேமிக்கும் பெட்டி வரும். என் தேர்வு எப்போதும் பிஎன்ஜி. எந்த பிக்சலும் மாறாது, எங்கும் திறக்கும். கட்டம் போட்ட தரையும் சீரான வானமும் உள்ள படங்கள் பிஎன்ஜியில் நன்றாகச் சுருங்கும். அச்சகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் டிஃப், எல்இசட்டபிள்யூ சுருக்கத்தோடு.

ஜேபெக் இந்தப் படங்களுக்குப் பொருந்தாது. ரே டிரேசிங் படத்தில் விளிம்புகள் கத்திபோல் இருக்கும். ஜேபெக் அந்த விளிம்புகளைச் சுற்றித்தான் அழுக்குப் பூசும், அதிலும் சிவப்பும் கறுப்பும் சேரும் இடத்தில். வேறு வழியில்லாமல் ஜேபெக் தேவைப்பட்டால், சேமிக்கும்போது வரும் விருப்பங்களில் குரோமா சப்சாம்ப்ளிங்கை (நிறத் தகவலை மட்டும் குறைத்துச் சேமிப்பதை) நிறுத்தும் பெட்டியில் டிக் போடுங்கள். நிற விளிம்புகள் ஓரளவு பிழைக்கும்.

32 பிட் டார்கா என்றால் நான்காவது பைட்டில் ஆல்ஃபா, அதாவது ஒளிபுகும் தகவல், இருக்கக்கூடும். மாற்றிய பிறகு படத்தை ஏதாவது பளிச்சென்ற நிறப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். பின்புலம் கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தால் ஆல்ஃபா போய்விட்டது. அந்தக் கோப்பை மட்டும் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து மாற்றுங்கள்.

மொத்தமாக மாற்றுவது

பி (B) விசையை அழுத்தினால், பல கோப்புகளை ஒரேயடியாக மாற்றும் பேட்ச் கன்வர்ஷன் பெட்டி திறக்கும். வலது பக்கத்தில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, கோப்புகளை ஆட் பட்டனால் சேர்க்க வேண்டும். இடது பக்கத்தில் வெளிவடிவம் பிஎன்ஜி. அவுட்புட் டைரக்டரியில் அந்த மூன்றாவது ஃபோல்டரைக் கொடுங்கள். பிறகு ஸ்டார்ட் பேட்ச்.

அட்வான்ஸ்டு பட்டனுக்குள் தலைகீழாகத் திருப்புவது, காமா மாற்றுவது போன்றவை இருக்கின்றன. கோப்புகள் எல்லாம் ஒரே நோயால் கெட்டிருந்தால் அங்கேயே மருந்து கொடுக்கலாம். மாற்றியபின் அசலை நீக்கு என்று ஒரு பெட்டியும் அதற்குள் இருக்கும். அதில் டிக் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பின் தேதியையே புதிய கோப்புக்கும் வைக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதில் டிக் போட்டுவிடுங்கள், ஒரு படம் எந்த ஆண்டில் உருவானது என்பதற்குச் சில நேரம் அந்தத் தேதி மட்டும்தான் சாட்சி.

நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் ஓட்டுவதற்கு முன் இரண்டு மூன்றை மட்டும் மாற்றிச் சரிபாருங்கள். அசலைத் திறந்து ஐ விசையை அழுத்தினால் படத்தின் விவரம் வரும். அகலம், உயரம் மட்டுமல்லாமல், படத்தில் மொத்தம் எத்தனை தனித்தனி நிறங்கள் என்ற எண்ணும் அதில் இருக்கும். பிஎன்ஜியைத் திறந்து அதே எண்ணைப் பாருங்கள். காமா எதுவும் தொடாமல் மாற்றியிருந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். எண் கூடியிருந்தால் தெரியாமல் ஜேபெக் வழியாகப் போய் வந்திருக்கிறது, அல்லது அளவு மாற்றும் பெட்டி எங்கேயோ டிக் ஆகியிருக்கிறது. 256-ஆகக் குறைந்திருந்தால் அட்வான்ஸ்டுக்குள் நிறக் குறைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது.

அனிமேஷன் படச் சட்டங்கள் என்றால் எண்ணுக்கு முன்னால் உள்ள பூஜ்யங்களை விடாதீர்கள். 001, 002 என்று இருப்பதை 1, 2 என்று மாற்றிவிட்டால், 10 என்பது 2-க்கு முன்னால் வந்து உட்காரும், காட்சி குதிக்கும். பெயர் மாற்றும் வசதி அதே பெட்டியில் இருந்தாலும், இந்த வேலையில் அதைத் தொடாமல் வடிவத்தை மட்டும் மாற்றுவதே போதும்.